கிளட்ச் இறுகினால் ஸ்பிரிங்கைத் தேடாதீர்கள்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களில் பலர் ஒரு விஷயத்தைத் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள். கிளட்ச் லீவர் மாதத்துக்கு மாதம் இறுகிக்கொண்டே போனால், "வண்டி பழசாகிட்டுது, உள்ளுக்கு ஸ்பிரிங் இறுகிப்போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஸ்பிரிங் வயது போக இறுகுவதில்லை. சூட்டிலும் அழுத்தத்திலும் வருடக்கணக்காகக் கிடந்து அது தளரத்தான் செய்யும். ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் கிளட்ச் தட்டுகளான பிளேட் தேய்ந்து மெலிய மெலிய ஸ்பிரிங்குக்கு நீள இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதனாலும் அழுத்தம் குறையுமே தவிர கூடாது. அதாவது, உள்ளே இருக்கும் கிளட்ச்சை மட்டும் பார்த்தால் பழைய வண்டியின் லீவர் புது வண்டியினுடையதைவிட லேசாகத்தான் இருக்க வேண்டும். அப்படியில்லாமல் கை நோகிறது என்றால், விரலுக்கும் எஞ்சினுக்கும் இடையில் எங்கோ உராய்வு கூடிவிட்டது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு எஞ்சினைத் திறக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது என் சித்தப்பாவால். கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அவரிடம் ஒரு ஹொண்டா சிஜி 125. ஹொண்டா 1976இல் கொண்டுவந்த மாடல். கையாளச் சுலபமான வண்டி. பின்னேரங்களில் அதில் வெள்ளவத்தைக்கு வந்து எங்களோடு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர், கொஞ்சக் காலமாக வரவில்லை. அம்மா போன் எடுத்துக் கேட்டதற்கு, "இடது கை விரலெல்லாம் நோகுது, வயசு போட்டுது" என்றாராம். வண்டியை விற்றுவிட்டு கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று எடுக்கவும் யோசித்திருக்கிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பாவித்த ஸ்கூட்டருக்குச் சொன்ன விலைகள் அவருக்குக் கட்டுபடியாகவில்லை. நான் போய் லீவரைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு விரலால் இழுக்க எனக்கே முடியவில்லை.

"சித்தப்பா, உங்கட கையில ஒண்டுமில்லை. வண்டியிலதான் பிழை."

"எனக்கு அப்பிடித் தெரியேல்லையே தம்பி. கொஞ்சம் கொஞ்சமா வந்தது, பழகிட்டுது."

இந்தப் பிரச்சினையின் கெட்ட குணமே அதுதான். ஒரே நாளில் இறுகினால் அன்றே கராஜுக்குப் போவோம். துளித்துளியாக இறுகும்போது கையும் கூடவே பழகிக்கொள்கிறது. அப்புறம் நாம் சந்தேகப்படுவது நம் உடம்பைத்தான். இப்படி எத்தனை பேர் நல்ல வண்டியை விற்றிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கொழும்பில் இது இன்னும் மோசம். ஒபிஸ் விடும் நேரத்தில் கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை காலி வீதியில் வந்து பாருங்கள். ஒவ்வொரு கலர் லைட்டிலும், ஒவ்வொரு பஸ் ஹோல்டிலும், நடுவில் திரும்பும் ஒவ்வொரு த்ரீவீலுக்கும் கிளட்ச்சைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டுத்தான் வர வேண்டும். நெரிசலுக்குப் பயந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்கினால், அங்கே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல். உப்புக் காற்று கிளட்ச் கேபிளின் திறந்த வாய்க்குள்ளும், அந்தக் கேபிள் இழுத்துத் திருப்பும் எஞ்சின் பக்கத்து ஆர்ம் அடியிலும் போய் உட்காரும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அதோடு தண்ணீரும் சேறும் சேர்ந்துகொள்ளும். கடலோர வீட்டில் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று வெள்ளவத்தை, தெஹிவளைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கிளட்ச் வயரும் அதே காற்றில்தான் நிற்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? நிறையப் பேர் நேரே புதுக் கேபிள் வாங்கிப் போடுகிறார்கள். சில வேளை அதுவே போதும். ஆனால் பிழை வேறு இடத்தில் இருந்தால் காசும் போகும், இறுக்கமும் போகாது. அதனால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் எஞ்சின் பக்கத்தில் இருக்கும் திருகான அட்ஜஸ்டரைத் தளர்த்தி, கேபிளை ஆர்மிலிருந்து கழற்றிவிடுங்கள். இப்போது லீவருக்கும் கிளட்ச்சுக்கும் தொடர்பில்லை. லீவரை இழுத்துப் பாருங்கள். ஒரு விரலால் தள்ளினாலே போய்விட வேண்டும். அப்போதும் கனமாகவோ கரகரவென்றோ இருந்தால் பிழை மேல் பாதியில்: லீவரில், அல்லது கேபிளில். இனி எஞ்சின் பக்கத்து ஆர்மைக் கையால் அசையுங்கள். முதலில் கொஞ்சத் தூரம் சுலபமாக வந்து, பிறகு ஸ்பிரிங்கில் முட்டி நிற்க வேண்டும். விட்டவுடன் தயங்காமல் திரும்பவும் வேண்டும். அந்தச் சுலபமான தூரத்திலேயே முரண்டு பிடித்தாலோ, சோம்பலாகத் திரும்பினாலோ பிழை அங்கேதான். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள்.

லீவர் பக்கத்தில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, லீவர் சுழலும் போல்ட். மேலிருந்து போல்ட், கீழிருந்து லொக் நட். வண்டி விழுந்து எழும்பிய பிறகோ, லீவர் ஆடுகிறது என்றோ, யாராவது அந்தப் போல்ட்டை முழுப் பலத்தோடு முறுக்கியிருப்பார்கள். அப்படி முறுக்கினால் லீவரைத் தாங்கும் பிடிகட்டையின் இரண்டு தகடும் அதை நெரிக்கும். போல்ட்டை லீவர் தாராளமாக அசையும் அளவுக்கு மட்டும் இறுக்கி, அதை ஸ்பனரால் பிடித்துக்கொண்டு லொக் நட்டை இறுக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றினால், பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து கறுப்பாகக் காய்ந்துபோன படலம் ஒன்று இருக்கும். மண்ணெண்ணெயில் பிரஷ் தோய்த்து அதைக் கழுவி எடுத்துவிட்டுப் புதுக் கிரீஸ் பூசினாலே சில வண்டிகளில் பாதி இறுக்கம் போய்விடுகிறது.

மற்றது, கேபிளின் நுனியில் இருக்கும் நிப்பிள். லீவரின் துளைக்குள் உட்காரும் அந்தச் சின்ன உருளையை யாரும் கவனிப்பதில்லை. லீவரை இழுக்கும்போது அது தன் துளைக்குள் உருள வேண்டும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் உருளாது. அது உருளாவிட்டால் ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் வயர் நிப்பிளின் கழுத்திலேயே வளைந்து வளைந்து நிமிரும். சித்தப்பாவின் கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, அந்தக் கழுத்தில் மெல்லிய இழைகள் சில அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மிச்ச இழைகளில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அறுந்த இழை கேபிளுக்குள் போனால் அதுவே உள்ளே சுரண்டி இறுக்கத்தைக் கூட்டும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கேபிளுக்கு ஒயில் விட்டுப் பிரயோசனமில்லை, மாற்றத்தான் வேண்டும். மருதானைச் சந்தியில் பின்னால் பஸ் நிற்கும்போது அறுந்தால் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனிக் கேபிள். இந்த வகைக் கேபிளுக்கு பௌடன் கேபிள் என்று பெயர். ஏர்னஸ்ட் பௌடன் என்பவர் 1896இல் காப்புரிமை பெற்றது. உள்ளே பல இழை முறுக்கிய வயர், வெளியே சுருள் கம்பியால் ஆன குழாய். வளைந்த பாதையிலும் இழுவையைக் கொண்டுபோகும் என்பதுதான் அதன் சிறப்பு. அந்த வளைவில்தான் உராய்வும் பிறக்கிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, நேரம் எடுத்துப் பார்க்கத் தகுந்த கணக்கு. வளைந்த பாதையில் இழுபடும் வயருக்கு எவ்வளவு கூடுதல் பலம் வேண்டும் என்பது இரண்டைப் பொறுத்தது: உள்ளே எவ்வளவு வழுக்கும் என்பதும், கேபிள் மொத்தம் எத்தனை பாகை திரும்புகிறது என்பதும். அது கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறும். உராய்வுக் குணகம், அதாவது உராய்வின் அளவு, 0.1 என்று இருக்கும் நல்ல கேபிள் மொத்தம் 180 பாகை வளைந்தால், எஞ்சின் பக்கம் கேட்கும் பலத்தைப் போல ஏறக்குறைய 1.37 மடங்கு கை பக்கம் கொடுக்க வேண்டும். அதே வளைவில் கேபிள் காய்ந்து குணகம் 0.3 ஆகிவிட்டால் 2.57 மடங்கு. வண்டியில் வேறு எதுவும் மாறவில்லை. ஸ்பிரிங் அதேதான், பிளேட் அதேதான். கையில் கனம் மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

கேபிள் ஓடும் பாதையை நான் இவ்வளவு வற்புறுத்துவதும் இதனால்தான். காய்ந்த கேபிளிலேயே மொத்த வளைவை 180இலிருந்து 90 பாகைக்குக் குறைத்தால் 2.57 மடங்கு 1.6 ஆக இறங்கும். ஒரு துளி ஒயில்கூட விடாமல். ஹெட்லைட்டுக்குப் பின்னால் தேவையில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறதா, வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டியால் யாராவது இறுக்கிக் கட்டியிருக்கிறார்களா, டாங்கிக்கு அடியில் நசிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹாண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பித் திருப்பி லீவரை இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கனத்தால், பாதைதான் பிழை. உயர்ந்த ஹாண்டில் மாற்றிவிட்டுப் பழைய நீளக் கேபிளையே விட்ட வண்டிகளில் இதை அடிக்கடி காணலாம்.

ஒயில் விடும் முறை சுலபம், பொறுமைதான் வேண்டும். கேபிளை முழுதாகக் கழற்றி, பல்கனிக் கிரில்லில் செங்குத்தாகத் தொங்கவிடுவேன். மேல் நுனியில் ஒரு சின்னப் பொலித்தீன் பையின் மூலையைச் சுற்றி றப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினால் புனல் தயார். கீழே ஒரு பழைய டின். பாமசியில் வாங்கிய சிரிஞ்சால் மெல்லிய எஞ்சின் ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வயரை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் கீழே வருவது செங்கல் நிறத்தில் துருக் கலந்த குழம்பு. அது கறுத்து, பிறகு தெளிந்து, விட்ட ஒயிலே விட்ட நிறத்தில் சொட்டும் வரை நிறுத்தக்கூடாது. அவசரம் இல்லாவிட்டால் இரவு முழுக்கத் தொங்கட்டும்.

இரண்டு எச்சரிக்கை. டபிள்யூடி-40 ஸ்பிரேயை மட்டும் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். ஈரத்தை விரட்டவும் அழுக்கைக் கரைக்கவும் அது நல்லது, பெயரிலுள்ள டபிள்யூடி என்பதே தண்ணீரை அகற்றுவதைக் குறிப்பதுதான். ஆனால் மழையிலும் வெயிலிலும் நெடுநாள் நிற்கும் ஒயில் படலத்தை அது விட்டுப்போகாது. கழுவிய பிறகு ஒயில் விட வேண்டும். மற்றது, இப்போது வரும் பல கேபிள்களில் உள்ளே நைலோன் அல்லது டெஃப்லோன் குழாய் இருக்கிறது. அதற்குள் கிரீஸ் திணித்தால் தூசியைப் பிடித்துத் தடித்து, சுகமாக இருந்ததும் கெட்டுவிடும். அந்த வகைக்கு சிலிகோன் ஸ்பிரே கொஞ்சம் போதும்.

சித்தப்பாவின் கேபிளை மாற்றத்தான் வேண்டியிருந்ததால் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய வண்டிக்குச் சாமான் தேடுகிறவர்களுக்கு அந்தத் தெருவைப் போல ஓர் இடம் கொழும்பில் வேறு இல்லை. பழைய கேபிளைக் கையோடு கொண்டுபோங்கள். வெளிக் குழாயின் நீளம், வெளியே நீட்டும் வயரின் நீளம், இரண்டு நுனியிலும் நிப்பிளின் வடிவம், மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் "ஜெனுவினா, சாதாவா?" என்று கேட்பார். பெட்டியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். புதுக் கேபிளைக் கடையிலேயே அரை வட்டமாக வளைத்து, வயரை விரலால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். மணல் அரைபடுவது போலிருந்தால் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார், இன்னொன்றை எடுத்துத் தருவார்.

லீவரை மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் லீவர்களில், சுழலும் துளைக்கும் நிப்பிள் துளைக்கும் இடையிலுள்ள தூரம் கொஞ்சம் மாறலாம். உதாரணத்துக்கு, விரல் பிடிக்கும் இடம் 12 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைப்போம். நிப்பிள் 2.5 செ.மீ.இல் இருந்தால் லீவர் பலத்தை 4.8 மடங்காக்கும், 3 செ.மீ.இல் இருந்தால் 4 மடங்குதான். வெறும் அரை செ.மீ. வித்தியாசம் கையில் 20 வீதக் கூடுதல் கனமாக வருகிறது. லீவரின் நுனியில் பிடிக்காமல் நடுவில் பிடிக்கும் பழக்கமும் இதே கணக்கில்தான் வரும். லீவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பூட்டி, விரல்கள் நுனிப் பக்கம் விழும்படி வைத்தால் சின்னக் கைகளுக்கு நல்ல வித்தியாசம் தெரியும்.

புதுக் கேபிள் போட்டும் சித்தப்பாவின் வண்டியில் இறுக்கம் முழுதாகப் போகவில்லை. எஞ்சின் பக்கத்து ஆர்ம் திரும்பும்போது தயங்கியது. சிஜியில் அது எஞ்சினின் வலது பக்கக் கவருக்கு மேல் இருக்கிறது. அதன் தண்டு கவருக்குள் இறங்கி, கிளட்ச்சைத் தள்ளும். தண்டு உள்ளே போகும் இடத்தில் ஒயில் சீல். அந்த சீலுக்கு வெளியே தெரியும் தண்டின் ஒரு சின்ன வளையம்தான் மழையும் உப்பும் சேரும் இடம். அங்கே துரு பொருக்குத் தட்டியிருந்தது. அதைக் குறட்டால் பிடித்து முறுக்கக் கூடாது. சீல் கிழிந்தால் எஞ்சின் ஒயில் கசியத் தொடங்கும். துரு இளக்கும் ஒயிலைச் சொட்டு விட்டு, ஊற வைத்து, ஆர்மை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து, துணியால் துடைத்து, மறுபடி சொட்டு விட வேண்டும். துணியில் வரும் பழுப்பு நிறம் குறையக் குறைய ஆர்ம் தானாகத் திரும்பத் தொடங்கும். கடைசியில் சுற்றிவரக் கொஞ்சம் கிரீஸ் பூசிவிட்டால் அடுத்த மழை உள்ளே போகாது. இதற்கும் அசையாத தண்டு என்றால்தான் ஒயிலை இறக்கி, கிக்கரைக் கழற்றி, கவரைத் திறக்க வேண்டிவரும். புது கேஸ்கட்டும் வேண்டும், பழக்கமில்லாதவர் கராஜுக்குக் கொண்டுபோவதே நல்லது.

ஆமர் வீதிப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் வயதான பாஸ் ஒருவர் எனக்குக் காட்டித்தந்த விஷயம் இன்னொன்று உண்டு. கிளட்ச் பிரியத் தொடங்கும் நேரத்தில் கேபிளும் ஆர்மும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் இழுப்பது முழுவதும் திருப்புவதற்குப் போகும். ஆர்மைக் கழற்றிப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டினால் கோணம் கெட்டு, பலத்தில் ஒரு பங்கு வீணாகத் தண்டை ஒரு பக்கம் இழுப்பதில் போய்விடும். கேபிளையும் மாற்றி, ஆர்மும் சுகமாக அசைந்து, இன்னும் கனம் என்றால் இந்தக் கோணத்தைப் பாருங்கள்.

ஸ்பிரிங்கில் பிழையே வராது என்று நான் சொல்லவில்லை. கிளட்ச் வழுக்கும் வண்டிக்குப் புது பிளேட் போடாமல், செலவைக் குறைக்க ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்துவிடுகிற வழக்கம் உண்டு. கடும் ஸ்பிரிங் வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. பாவித்த வண்டி வாங்கியிருந்தால் முந்தின சொந்தக்காரர் அப்படி ஏதும் செய்தாரா என்று கேட்பது நல்லது. அதற்கு மருந்து சரியான பிளேட்டும் சரியான ஸ்பிரிங்கும்தான். மறுபக்கம், லீவரை லேசாக்குகிறேன் என்று ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிவிடச் சொல்கிறவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அழுத்தம் ஒரு பக்கம் சாயும், பிளேட் வழுக்கும், கருகும். எஞ்சின் ஒயிலால் லீவர் இறுகாது. ஆனால் அதே ஒயிலில்தான் கிளட்ச்சும் நனைகிறது, ஆகவே போத்தலில் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காருக்கான சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்ப்பவை கிளட்ச்சை வழுக்க வைக்கும்.

எல்லாம் பூட்டிய பிறகு அட்ஜஸ்ட். லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். பெரிய திருத்தத்தை எஞ்சின் பக்கத்து அட்ஜஸ்டரில் செய்து, கை பக்கத்து அட்ஜஸ்டரைச் சின்னத் திருத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. இறுக்கத்துக்குப் பரிகாரமாகக் கேபிளை மிகவும் தளர்த்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். லீவரின் முதல் பாதி லேசாக இருக்கும், உண்மைதான். ஆனால் கிளட்ச் முழுதாகப் பிரியாது, முதலாம் கியர் அடித்து விழும், நியூட்ரல் கிடைக்காது. பின் சில்லு நிலத்தில் முட்டாதபடி நடு ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முதலாம் கியர் போட்டு லீவரை முழுக்கப் பிடித்தால் பின் சில்லு கிட்டத்தட்ட நிற்க வேண்டும். சூடான பிறகு இன்னொரு தடவை பாருங்கள்.

சித்தப்பா இப்போது இரண்டு விரலால் பிடிக்கிறார். ஸ்கூட்டர் பேச்சு வீட்டில் இல்லை.

பஞ்சிகாவத்தையில் கேபிள் வாங்கும்போது இரண்டாக வாங்கினேன். இரண்டாவதற்கும் ஒயில் விட்டு, வண்டியில் இருக்கும் கேபிளின் பாதையிலேயே பக்கத்தில் ஓடவிட்டு, இரண்டு நுனியையும் பொலித்தீனால் மூடி டேப் சுற்றி வைத்திருக்கிறேன். ஓடும் கேபிள் அறுந்தால் டாங்கியைக் கழற்றத் தேவையில்லை. நுனிகளைத் திறந்து மாட்டி, அட்ஜஸ்டரைத் திருப்பினால் போதும். அதற்கு வேண்டிய ஸ்பனர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.